வெள்ளைக் காரின் அடித்தகடு

நவம்பர் 5, புதன்

காலையில் கதவைத் திறந்தால் சந்து முழுக்கத் தண்ணீர். மழை ஒரு சொட்டு இல்லை. கடல் ஏறுகிற நாள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி உப்புத் தண்ணீர் தோட்டுக் கால்வாய் வழியாகப் பின்னுக்கு வந்து, ஓடையிலிருந்து பொங்கி, சந்தில் நிற்கும். மத்தியானத்துக்குள் தானாக இறங்கிவிடும். மட்டாஞ்சேரியில் வருஷா வருஷம் நடப்பதுதான். என் வீட்டுக்காரர் இருந்தபோது முந்தின நாளே காரை எடுத்துக்கொண்டுபோய் அரிசிக் கிடங்கு முன்னால் மேட்டில் நிறுத்திவிடுவார். இந்த வருஷம் கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

பாதி டயர் வரை தண்ணீர். தார்ப்பாயைத் தூக்கிக் கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஏறவில்லை. ஆனால் டிரைவர் சீட்டுப் பக்கம் கீழே போட்டிருக்கிற விரிப்பு ஈரம். அமுக்கினால் சொதசொதவென்கிறது. தண்ணீர் உள்ளே வரவில்லை என்றால் இந்த ஈரம் எங்கிருந்து?

இது அவருடைய நோட்டு. காரின் முன்பெட்டியில் இருந்தது. ஆயில் மாற்றினது, டயர் மாற்றினது எல்லாம் தேதி போட்டு எழுதுவார். பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடக்கிறது. அதில் நான் எழுதுகிறேன். கம்பத்தில் அஞ்சாவது வரை படித்த தமிழ். மகாவுக்கு மலையாளந்தான் படிக்கத் தெரியும். மகள் பார்த்துவிடுவாள் என்ற பயம் இல்லை.

நவம்பர் 6, வியாழன்

தண்ணீர் இறங்கிவிட்டது. விரிப்பு இன்னும் ஈரம்.

நவம்பர் 9, ஞாயிறு

மகாவுக்கு லீவு. வல்லார்பாடத்தில் ஒரு கன்டெய்னர் ஆபீசில் பில் போடுகிறாள். போக மூன்று பஸ், வர மூன்று பஸ். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே போனைக் காட்டினாள்.

“அம்மா, ஜனவரி பத்தோட வண்டிக்குப் பதினஞ்சு வருஷம் முடியுது. டெஸ்டுக்குக் கொண்டுபோய்க் காட்டணும். பாஸானா இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டலாம். இல்லேன்னா ரோட்டில எறக்கக் கூடாது.”

“பாஸாகாதா?”

“நீயே நோக்கு” என்று தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்தாள். கதவின் கீழ் விளிம்பு நெடுக வெள்ளைப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக நிற்கிறது. நகத்தால் தட்டினாள். செதில் மாதிரி உதிர்ந்தது. அடியில் சிவப்புப் பொடி.

“பொளிக்கக் கொடுத்திரலாம்மா, பழைய இரும்புக்கு. இதை யாரு ஓட்டப் போறா?”

“நீதான் லைசன்ஸ் எடுத்திருக்கியே.”

“அப்பா இருந்தப்போ எடுத்தது. அந்த சீட்டில நான் உட்கார மாட்டேன்.”

நான் தார்ப்பாயைத் திரும்ப மூடிக் கயிற்றைக் கட்டினேன்.

அந்த சீட்டில்தான் அவர் போனார். மார்ச் 11. கார்ப்பரேஷன் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு, டிப்போவிலிருந்து இந்தக் காரில் வீட்டுக்கு வந்தார். சந்தில் ஓரமாக நிறுத்தியிருக்கிறார். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறார். சாவியைத் திருப்பி அணைத்திருக்கிறார். இறங்கவில்லை. நான் பின்னால் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வண்டி வந்த சத்தம் கேட்டது, அணைந்ததும் கேட்டது. கதவுச் சத்தம் வரலையேன்னு எனக்குத் தோணவே இல்லை. கால் மணி நேரம். கால் மணி நேரம் உட்கார்ந்து மீன் கழுவியிருக்கேன்.

நெட்டைக் கால்காரர். சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி வைத்திருப்பார். அது அப்படியே இருக்கிறது. முதுகுக்கு விரித்த துண்டும் அதிலேயே இருக்கிறது. எட்டு மாதமாக யாரையும் தொட விட்டதில்லை.

பொளிக்கக் கொடுத்தால் அதையும் சேர்த்துத்தானே நசுக்குவார்கள்.

நவம்பர் 12, புதன்

கடையில் சின்ன டப்பா வெள்ளை பெயின்ட் வாங்கி, கொப்புளத்தின் மேலேயே இரண்டு கை அடித்தேன். புதுசு மாதிரி ஆகிவிட்டது. மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

நவம்பர் 14, வெள்ளி

நான் வேலை பார்க்கிற கிடங்கில் சுக்குப் புடைத்துக்கொண்டிருக்கும்போது, கூட வேலை செய்கிற காளியம்மாளிடம் பெயின்ட் அடித்ததைச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஏன்டி மாயி, ஈரச் சுக்கை மூட்டை கட்டி வச்சா என்னாகும்?”

“பூத்துப் போகும்.”

“இருபது வருஷமா கிடங்கில இருக்க, தெரியுதுல்ல? அப்புறம் வண்டியை மட்டும் எதுக்கு எட்டு மாசமா மூட்டை கட்டி வச்சிருக்க?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தார்ப்பாயை முழுசாக உருவினேன். உள்பக்கம் பூராவும் முத்து முத்தாக வேர்த்திருக்கிறது. ஊறின சாக்கு நாற்றம்.

தூசி படக்கூடாது, வெயில் படக்கூடாது, யார் கண்ணும் படக்கூடாது என்று இறுக்கி இறுக்கிக் கட்டினேன். காப்பாத்துறேன்னு நெனச்சேன்.

நவம்பர் 16, ஞாயிறு

தோப்பும்படிப் பக்கம் பட்டறை வைத்திருக்கிற சேவியர் வந்து பார்த்தார். கார்ப்பரேஷன் லாரிகளுக்குத் தகடு ஒட்டுகிறவர். என் வீட்டுக்காரரை அவருக்கு நன்றாகத் தெரியும். காரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்புறந்தான் குனிந்தார்.

“இந்தப் பெயின்ட் யாரு அடிச்சது சேச்சி?”

“நான்தான்.”

“கொள்ளாம், நல்லாயிருக்கு. துருவுக்குப் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்திருக்கு. இனி அது உள்ளே சுகமா இருந்து தின்னும்.”

ஒரு கம்பியை வளைத்துக் கதவின் அடியில் குத்தினார். கறுப்பாகத் தண்ணீர் ஒழுகியது. ஒவ்வொரு கதவுக்கு அடியிலும் மழைத்தண்ணீர் வடிய ஓட்டை உண்டாம். மண் அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்தே அழுகுமாம். எனக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பியும் கையுமாகக் காருக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். பொழுது போகாமல் நோண்டுகிறார் என்று திட்டியிருக்கிறேன்.

“கடல் தண்ணி ஏறின அன்னைக்கே அடியில பைப்பு வச்சு நல்ல தண்ணி அடிச்சு விடணும். உப்புதான் வண்டிக்கு விஷம். இரும்பில உப்பு உட்கார்ந்தா காத்தில உள்ள ஈரத்தையும் வலிச்சு இழுத்துக் குடிக்கும். காயவே விடாது” என்றார்.

பிறகு சாக்கைப் போட்டுக் காருக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனார். டங். டங். டங். டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே வந்ததும் சத்தம் மாறிவிட்டது. பொத். முனையால் குத்தினார். பப்படம் நொறுங்குகிற மாதிரி உள்ளே போய்விட்டது.

“டெஸ்டில முதல்ல இங்கேதான் தட்டிப் பார்ப்பாங்க. ஓட்டை இருந்தா அப்பவே திருப்பி அனுப்பிருவாங்க.”

“ஒட்டுப் போட முடியாதா?”

“போடலாம். சீட்டை அழிக்கணும்.”

மலையாளத்தில் அழிக்க என்றால் கழற்ற. இத்தனை வருஷமாகக் கேட்காத வார்த்தையா? ஆனாலும் அழிப்பது என்றே காதில் விழுந்தது.

“சீட்டைத் தொடாம செய்யுங்க.”

“எப்படி சேச்சி? வெல்டிங் தீப்பொறி பட்டா சீட்டே எரிஞ்சிரும். நாலு போல்ட்டுதான். அஞ்சு நிமிஷம்.”

வேண்டாம், பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். சாயா கூடக் கொடுக்கவில்லை.

ஒன்று புரியவில்லை. நாலு பக்கமும் ஒரே கடல் தண்ணீர்தானே நின்றது. அவர் உட்கார்ந்த இடத்துக்கு அடியில் மட்டும் ஏன்?

நவம்பர் 20, வியாழன்

அமாவாசை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன் தோப்பும்படிப் பாலத்தில் ஒரு பஸ் இந்தக் காரின் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனது. அவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அன்று முதல் பயம். அந்த மாசம் அமாவாசைக்குக் கல்லுப்பும் ஏழு மிளகாயும் மகாவின் பழைய சிவப்புப் பாவாடைத் துணியில் முடிந்து, காரை மூன்று சுற்றுச் சுற்றி, பின் சீட்டில் உட்கார்ந்து அவர் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அவருக்குத் தெரியாமல். தெரிந்தால், “உப்பை ரசத்தில போடு, வண்டியில போடாதே” என்பார்.

அதிலிருந்து மாசா மாசம் ஒரு முடிச்சு. பழசை எடுக்கக் கூடாது, கட்டினது கட்டினபடி கரைந்தால்தான் கண்ணேறு கழிந்ததாக அர்த்தம் என்று கேட்டிருக்கிறேன். கரையவும் செய்தது. அடுத்த மாசம் கையை விட்டால் இடம் காலியாக இருக்கும். கையில் ஏதோ ஒரு விளிம்பு மட்டும் தட்டும். சீட்டைச் சேர்ந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் போன பிறகும் நிறுத்தவில்லை. அவரைக் காக்காத உப்பு எதற்கு என்று ஒரு மனசு சொல்லும். காராவது நிற்கட்டும் என்று இன்னொரு மனசு. சேவியர் உப்பு விஷம் என்றது நினைவில்தான் இருக்கிறது. அது கடல் உப்பு. இது கட்டின உப்பு. வேறு வேறு.

இன்று தள்ளினால் முடிச்சு உள்ளே போகவில்லை. கை நுழையவில்லை. போன மாசமே கஷ்டப்பட்டுத்தான் போனது. அவர் போனதிலிருந்து ஒன்றுகூடக் கரையவில்லை. ஏன் கரையவில்லை? என்ன மிச்சம் இருக்கு இன்னும் வர?

மகா அஞ்சு மணி ஆகியும் வரவில்லை. மூன்று தடவை போன் பண்ணினேன். பஸ்ஸில் இருந்திருக்கிறாள்.

நவம்பர் 23, ஞாயிறு

அவர் எழுதின பக்கங்களை முதலிலிருந்து படித்தேன். ஆயில். பேட்டரி. கதவு ஓட்டை குத்தினேன். பின் டயர். நடுநடுவே ஒரே ஒரு வார்த்தை: கொட்டியாச்சு. மாசத்துக்கு இரண்டு தடவை. சில மாசம் மூன்று. எதைக் கொட்டினார் என்று எழுதவில்லை. கடைசிப் பக்கத்தில், மார்ச் 9-இலும் அதுதான். கொட்டியாச்சு.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா கேட்டாள், குடிப்பாரா என்று. இல்லை என்று சொன்னேன். சத்தியமாக இல்லை என்று சொன்னேன்.

குப்பியைக் காரில் ஒளித்து வைத்திருந்தாரோ? எனக்குப் பயந்து கொட்டினாரோ? சீச்சீ. செத்தவரைப் பற்றி என்ன எழுதுறேன் நான்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. இந்த வருஷம் நமக்கு விளக்கு இல்லை. நாளை மறுநாள் கடல் பெரிசாக ஏறும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

டிசம்பர் 5, வெள்ளி



விடிகிற நேரத்திலேயே தண்ணீர் படி வரை வந்துவிட்டது. காரை மேட்டுக்கு ஏற்றியே ஆகவேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பிரதீஷும் இன்னும் நாலு பேரும் வந்தார்கள். பேட்டரி செத்துக் கிடக்கிறது, தள்ளத்தான் வேண்டும். உள்ளே ஒருவர் உட்கார்ந்தால் நல்லது என்றார்கள். நான்தான், யாரும் அந்த சீட்டில் உட்கார வேண்டாம், வெளியே நின்று ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்தால் போதும் என்றேன். பிரதீஷ் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கி, வளையத்தைப் பிடித்துக்கொண்டான்.

அரிசிக் கிடங்குச் சரிவில் ஏறும்போது பின்னால் தள்ளினவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கிவிட்டது. கார் நின்றது. பிறகு பின்னால் உருண்டது. நேர் கீழே தோடு. “மாறிக்கோ! விலகிக்கோ!” என்று கத்துகிறார்கள். நான் பின்பக்கம் பம்பரில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். என் கை தாங்கப் போகிறதா? எனக்கு நகரவே தோணலை.

மகா பிரதீஷை விலக்கிவிட்டு முன் கதவைத் திறந்து உள்ளே பாய்ந்துவிட்டாள். சீட்டுப் பின்னால் இருப்பதால் கால் எட்டவில்லை. சரிந்து படுக்கிற மாதிரி கிடந்து பிரேக்கை மிதித்தாள். எனக்கும் காருக்கும் நடுவில் ஒரு முழம்.

அவள் இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது. “அம்மா, குதிகால் ஊனின இடத்தில தகடு ஒடிஞ்சிருச்சு. கீழே தண்ணி தெரியுது” என்றாள்.

துளை சீட்டுக்கு அடியிலிருந்து முன்னால் பரவியிருக்கிறது. அவள் கால் உள்ளே போயிருந்தால்? பிரேக் அழுந்தாமல் போயிருந்தால்?

சாயங்காலம் காளியம்மாள் வந்து திட்டிவிட்டுப் போனாள். “செத்தவன் உட்கார்ந்த சீட்டுக்குக் காவலிருந்து, இருக்கிற பிள்ளையைத் தோட்டில விடப் பார்த்தியேடி.”  

சேவியருக்குப் போன் பண்ணினேன். சீட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள் என்றேன்.

டிசம்பர் 8, திங்கள்

சேவியர் ஜீப்பில் சங்கிலி கட்டிக் காரை இழுத்துப் போனார். சந்தில் கார் நின்ற இடம் மட்டும் வெறும் கட்டமாகத் தெரிகிறது. நான் இல்லாமல் சீட்டைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை அரைநாள் லீவு கேட்டிருக்கிறேன்.

டிசம்பர் 10, புதன்

முதலில் துண்டை நானே எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பிறகு தலையாட்டினேன்.

நாலு போல்ட்டில் மூன்று வந்தது. நாலாவது துருவில் பிடித்துக்கொண்டது. எண்ணெய் விட்டு, தட்டி, கடைசியில் அறுத்தார்கள். சீட்டை வெளியே தூக்கினார்கள். நான் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சேவியர்தான், “ஈஸோயே, இது எந்தா?” என்றார்.

சிவப்புத் துணி முடிச்சுகள். ஒன்பது. சில கல்லாகக் கெட்டிப்பட்டு, சில கஞ்சி மாதிரி கரைந்து, எல்லாம் ஒரு டப்பாவுக்குள். ஐஸ்கிரீம் டப்பா, ரோஸ் நிறம். சீட்டுக்கு அடியில் நுழைகிற அளவுக்கு உயரத்தைக் கத்தியால் வெட்டிக் குறைத்திருக்கிறது. டப்பாவில் தண்ணீர் விளிம்பு வரை நின்று, வழிந்து, வழிந்த பக்கமெல்லாம் தகடே இல்லை. துருவும் ஓட்டையும். விரிப்புக்கு அடியில் அது ஓடின வழி அப்படியே தெரிகிறது.

சேவியர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். “உப்பு. சுத்த உப்பு. கடல்கூட இத்தனை இல்லை. யாரு சேச்சி இதை வச்சது?”

“தெரியாது” என்றேன்.

தெரியாதுன்னு சொன்னேன். சேவியர் முகத்தைப் பார்த்து.

டிசம்பர் 11, வியாழன்

நான்தான். கடல் இல்லை, மழை இல்லை, தார்ப்பாய்கூட இல்லை. நான்தான் தின்னுருக்கேன். மாசா மாசம் மூணு சுத்துச் சுத்தி, சாமி பேரைச் சொல்லி, என் கையால.

அவர் காலடியில் இத்தனை நாள் விஷத்தை வச்சிருந்தேனா? அதனாலதான் அவர் —

எழுத முடியவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

நேற்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததை மகா கண்டுபிடித்துவிட்டாள். இன்று வேலைக்குப் போகவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கே போனாள். சேவியர் அந்த முடிச்சுகளை ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தார். மகா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினாள்.

“இது என் பாவாடை இல்லே? அஞ்சாம் கிளாஸ்ல உடுத்தது.”

நான் அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், சேவியர் முன்னாலேயே. என்னால்தான் வண்டி போனது, என்னால்தான் அவரும் போனார் என்றேன். சேவியர் ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்கார வைத்தார்.

“சேச்சி, உப்பு இரும்பைத் தின்னும். ஹார்ட்டைத் தின்னாது. அது கிடக்கட்டும். இங்கே வா, ஒரு காரியம் காட்டுறேன்.”

காருக்குள் டார்ச் அடித்தார். டப்பா இருந்த இடம். சுற்றிலும் ஓட்டை. ஆனால் நேர் அடியில் டப்பா அளவுக்கு ஒரு சதுரம் மட்டும் கறுப்பாக, கெட்டியாக நிற்கிறது. சுத்தியலால் தட்டினார். டங்.

“இது துரு பிடிக்காம இருக்க நான் லாரிக்கு அடியில அடிக்கிற கறுப்பு. உங்க வீட்டு ராக்கப்பேட்டன் அடிக்கடி வந்து, ‘சேவியரே, ஒரு கப்பு மிச்சம் இருந்தா கொடு’ன்னு வாங்கிட்டுப் போவாரு. எதுக்குன்னு கேட்டா, ‘வீட்டில ஒரு கடல் இருக்கு’ன்னு சிரிப்பாரு. எனக்கு அப்போ அர்த்தம் தெரியலை.”

டப்பாவின் வெட்டின விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். கையைக் கிழிக்காமல் இருக்க உப்புத்தாளால் தேய்த்து மழுக்கியிருக்கிறது. அங்கே கை விடுகிறவள் நான் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து மகாவுக்குப் படித்துக் காட்டினேன். மகா போனில் பழைய காலண்டரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு அமாவாசைக்கும் பிறகு பத்து நாளுக்குள் ஒன்று. இன்னொன்று அடுத்த அமாவாசைக்கு முன்னால். மழைக்காலத்தில் மூன்று. கொட்டியாச்சு. கொட்டியாச்சு. கொட்டியாச்சு.

உப்பு கரைந்ததே இல்லை. முடிச்சை எடுத்து, தண்ணீரைக் கொட்டி, டப்பாவைத் துடைத்து, எனக்கு இடம் காலியாக வைத்திருக்கிறார். நாலு வருஷம். ஒரு நாள் ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. சொன்னால் நான் பயந்து சாவேன் என்று தெரியும்.

மார்ச்சுக்குப் பிறகு கொட்ட ஆளில்லை. அவ்வளவுதான்.

குடித்தாரோ என்று எழுதின வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். வேண்டாம். இருக்கட்டும், எனக்கு அது வேணும்.

டிசம்பர் 19, வெள்ளி

அமாவாசை. உப்பு முடிச்சுக் கட்டவில்லை. கை என்னவோ தேடிக்கொண்டே இருந்தது. பட்டறைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன்.

கெட்ட தகட்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, விசிறி வைத்துக் காயவிட்டு, அப்புறம் ஒரு மருந்து தடவினார்கள். சிவப்புத் துரு கண் முன்னாலேயே கறுத்துக்கொண்டு வந்தது. மேலே புதுத் தகடு வைத்து வெல்டிங். அதற்கு மேல் பிரைமர். கதவில் நான் அடித்த பெயின்டையும் சுரண்டிவிட்டார்கள். அடியில் என் உள்ளங்கை அகலத்துக்குத் தகடே போயிருந்தது.

அந்தக் கறுப்புச் சதுரத்தை வெட்ட வேண்டாம் என்று கேட்டேன். “வெட்டுவானேன்? வண்டியில நல்ல தகடு அதுதான்” என்றார் சேவியர்.

டப்பாவை வீசப் போனார்கள். நான் வாங்கிக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன்.

டிசம்பர் 29, திங்கள்

டெஸ்டுக்கு எட்டு நாள். ஈரக் காற்றாக இருக்கிறது, அடியில் அடித்த கறுப்பு இன்னும் ஒட்டுகிறது. காயாவிட்டால்? தட்டும்போது உரிந்து வந்தால்? கிடங்கில் இரண்டு தடவை சுக்கையும் கல்லையும் சேர்த்தே மூட்டையில் போட்டுவிட்டேன்.

ஜனவரி 2, வெள்ளி

சீட்டை மாட்டிவிட்டார்கள். புது போல்ட்டு. பழைய மாதிரிக் கடைசி வரை பின்னால் தள்ளிக் கொடுத்தார் சேவியர், நான் கேட்காமலே. துண்டை விரித்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

ஜனவரி 6, செவ்வாய்

டெஸ்டு. சேவியர் ஓட்டிப் போனார், நானும் மகாவும் பின்னால். கண்ணாடி போட்ட ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். லைட்டு, ஹாரன், பிரேக். பிறகு குனிந்து, கையில் இருந்த சின்னச் சுத்தியலால் அடியில் தட்ட ஆரம்பித்தார். டங். டங். நான் மகாவின் கையைப் பிடித்திருந்தேன். டிரைவர் சீட்டுக்கு அடியில் வந்தார். டங். இன்னொரு தடவை தட்டினார். எதுக்கு இன்னொரு தடவை?

டங்.

“புதுசா பணி செய்திருக்கு அல்லே?” என்று கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார். பாஸ். அஞ்சு வருஷம்.

மகா என் கையை உதறிக்கொண்டு ஊதினாள். நகம் பதிந்து ரத்தம் கட்டியிருக்கிறது.

ஜனவரி 8, வியாழன்

மகா காரிலேயே வேலைக்குப் போகிறேன் என்றாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான். ஏறி உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வாசற்படியில் நின்றேன்.

கீழே கையை விட்டு நெம்புகோலை இழுத்தாள். கடகடவென்று சீட்டு முன்னால் வந்தது. நான் உள்ளே போய்விட்டேன். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்கிற வரைக்கும் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் வந்தாள். அணைகிற சத்தம் கேட்டது. கதவுச் சத்தமும் கேட்டது.

ஜனவரி 14, புதன்

மகா வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். வல்லார்பாடம் பாலத்தில் ஒரு கன்டெய்னர் லாரி அவளை ஒட்டிக்கொண்டே வந்ததாம். கண்ணாடியில் ஒரு கீறல். “ஒன்னுமில்லம்மா. ஒன்னுமில்ல” என்று அவளே பத்துத் தடவை சொன்னாள். தண்ணீர் கொடுத்தேன். அமாவாசைக்கு நாலு நாள் இருக்கு என்று மனசு எண்ணியது. 

ஜனவரி 18, ஞாயிறு

தை அமாவாசை. அவருக்கு முதல் தடவை. மரவள்ளிக் கப்பையும் மத்தி மீன் குழம்பும் அவருக்குப் பிடிக்கும். இன்று மீன் ஆகாது என்று காளியம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சைவம் சமைத்துக் காக்காவுக்கு வைத்தோம். காருக்கு உப்பு வைக்கவில்லை. அடியில் நல்ல தண்ணீர் மட்டும் அடித்து விட்டேன். நாளைக்கும் கடல் ஏறும்.

ஜனவரி 21, புதன்

அலமாரியில் டப்பாவைக் காணோம். எல்லா இடமும் தேடிவிட்டேன். குப்பை எடுக்கிறவர்கள் கையில் போய்விட்டதோ? மகாவிடம் கேட்டால், “எனக்கெப்படித் தெரியும்?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது ஒரு ஐஸ்கிரீம் டப்பா. எதுக்கு இப்படிப் பதறுறேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

மகா தூங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு முன் எழுந்திருக்க மாட்டாள். பௌர்ணமி, தண்ணீர் ஏறும் என்று நேற்றே காரை மேட்டில் நிறுத்திவிட்டாள். நான் கம்பியை எடுத்துக்கொண்டு போய் நாலு கதவு ஓட்டையும் குத்தினேன். விரிப்பைத் தூக்கி அடியில் தடவினேன். காய்ந்திருக்கிறது. அவள் சீட்டுக்கு அடியில் ஈரம் உண்டா என்று கையை விட்டேன்.

விளிம்பு தட்டியது. மழமழவென்று.

ரோஸ் டப்பா, அந்தக் கறுப்புச் சதுரத்தின் மேல் சரியாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஒரு முடிச்சு. அவள் கட்டினது, சரியாகக் கட்டத் தெரியவில்லை. நீலத் துணி, அவளுடைய பழைய சுடிதார் ஷால். மிளகாய் நாலுதான் போட்டிருக்கிறாள். டப்பாவில் அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர்.

எழுப்பிக் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

முடிச்சைப் பிழிந்து, தண்ணீரை ஓடையில் ஊற்றி, டப்பாவை நல்ல தண்ணீரில் அலசி, முந்தானையால் துடைத்து, முடிச்சோடு இருந்த இடத்திலேயே வைத்தேன்.

கொட்டியாச்சு.